விவசாயப் பகுதியில் லேண்ட்ஸ்கேப்பிங் தொழிலுக்கு உள்ளூர் வாடிக்கையாளர்களைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: விவசாயமே பிரதானமாக இருக்கும் பகுதியில் லேண்ட்ஸ்கேப்பிங் தொழில் தொடங்கியிருக்கிறேன். நோட்டீஸ் கொடுத்தேன், ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டேன். விசாரிப்பவர்கள் எஸ்டிமேட்டைப் பார்த்ததும் “இதை நாங்களே செஞ்சுக்குவோம்” என்று போய்விடுகிறார்கள். விலையைக் குறைக்கலாமா? உள்ளூர் ஆட்களை எப்படிப் பிடிப்பது?

பதில்:

விலையைக் குறைக்க வேண்டாம். விலைதான் பிரச்சினை என்றால் பேரம் பேசியிருப்பார்கள். பேரமே பேசாமல் எழுந்து போகிறார்கள் என்றால், தங்களுக்குத் தெரிந்த வேலையைத் தங்களிடமே விற்க வந்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. குழி எடுப்பது, செடி நடுவது, எரு போடுவது, தண்ணீர் கட்டுவது எல்லாம் அவர்கள் தலைமுறையாகச் செய்வது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பச்சையையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் “உங்கள் வீட்டுக்குப் பசுமை” என்று நோட்டீஸ் நீட்டினால் அவர் மடித்துப் பையில் வைப்பதே மரியாதைக்காகத்தான்.

ஆனால் அதே மனிதரின் வீட்டு முற்றத்தைப் போய்ப் பாருங்கள். மழை பெய்தால் வாசலில் தண்ணீர் கட்டி நிற்கும். டிராக்டர் திரும்பித் திரும்பி முற்றம் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். மண் பாதையில் ஒரு வண்டி போனால் புழுதி சமையலறை வரை வரும். மேற்குச் சுவர் மாலை வெயிலில் காய்ந்து ராத்திரி வரை அனல் வீசும். வயலில் நீர் வடிய எங்கே வாய்க்கால் போடவேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. வீட்டைச் சுற்றி அதே யோசனையை ஓட்ட நேரமில்லை. நேரம் கிடைக்கும் நாளில் வயல் கூப்பிடும். உங்கள் வியாபாரம் இருப்பது இந்த இடத்தில்தான். செடியைப் பின்னால் வைத்துக்கொண்டு, வீட்டுச் சுற்றுப்புறத்தின் தொல்லையை முன்னால் வையுங்கள்.

நோட்டீஸில் எழுதுகிற வாசகமே மாறிவிடும். “அழகிய தோட்டம் அமைத்துத் தரப்படும்” என்பதை எடுத்துவிட்டு, “மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கிறதா? நேரில் வந்து பார்த்து, எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று வரைந்து தருகிறோம்” என்று எழுதிப் பாருங்கள். ஒரு நோட்டீஸுக்கு ஒரு தொல்லை போதும். மழைக்காலத்துக்கு முன்னால் தண்ணீர், வெயில் காலத்துக்கு முன்னால் நிழல், காற்றுக் காலத்துக்கு முன்னால் புழுதி என்று மாற்றிக்கொண்டே போகலாம்.

நேரில் போகும்போது அளவு கையில் இருக்கட்டும். வீட்டுச் சுவரிலிருந்து முதல் 3 மீட்டரில் தரை சுமார் 15 செ.மீ. இறங்கினால் சுவரோரம் தண்ணீர் தேங்காது. ஒரு நீளக் கயிறு, ஒரு ரசமட்டம், ஒரு டேப் இருந்தால் அவர் கண்முன்னேயே காட்டிவிடலாம். கயிற்றைச் சுவரோரம் தரையில் பிடித்து, மறு முனையை மட்டம் பார்த்து இழுத்து, அங்கே கயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளியே இல்லை என்று தெரிந்ததும் அவரே “அடடா, இதான் விஷயமா” என்பார். அந்த ஐந்து நிமிடம் செய்யும் வேலையை எந்த விளம்பரமும் செய்யாது. காற்றுத்தடுப்பு மரவரிசை கேட்டால், வரிசையின் உயரத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் நன்றாகக் குறையும் என்று சொல்லுங்கள்: 6 மீட்டர் மரங்கள் என்றால் சுமார் 60 மீட்டர். அடர்த்தியான மதில் எழுப்பினால் காற்று ஏறிக் குதித்து மறுபக்கம் சுழலும். பாதிக்குப் பாதி காற்று ஊடுருவுகிற மாதிரி நட்டால்தான் நல்லது. விவசாயிக்கு இந்தக் கணக்குப் பிடிக்கும். அவர் பேசுகிற மொழியே அளவும் தூரமும்தான்.

புல்தரையை மட்டும் யோசித்துப் பேசுங்கள். 100 சதுர மீட்டர் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மி.மீ. தண்ணீர் என்றால் 500 லிட்டர். பயிருக்கே தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுகிற இடத்தில், ரோட்டோரம் ஒரு வீட்டுப் புல்லுக்குத் தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்தால் ஊரே பேசும். அதைப் போட்டுக் கொடுத்த உங்கள் பெயரையும் சேர்த்துப் பேசும். சின்னப் புல்தரை, மீதிக்கு நிழல் மரமும் மூடாக்கும் (மண்ணை மூடப் பரப்பும் சருகு, வைக்கோல்) என்று நீங்களே சொன்னால், “இவன் தன் வியாபாரத்தை மட்டும் பார்க்கல” என்ற எண்ணம் வரும்.

இனி, “நாங்களே செஞ்சுக்குவோம்” என்பதற்கு வருவோம். என் அனுபவத்தில் அதற்கு மிக நல்ல பதில், “சரிங்க, பாதியை நீங்க செய்யுங்க” என்பதே. அவரிடம் டிராக்டர் இருக்கிறது, எரு இருக்கிறது, வயலில் பொறுக்கிப் போட்ட கல் குவிந்து கிடக்கிறது, ஒருவேளை நாற்றுகூட இருக்கும். எஸ்டிமேட்டை இரண்டு பத்தியாகப் போடுங்கள். இடது பக்கம் உங்கள் வேலை: மட்டம் பார்ப்பது, வடிகால் குழாய் பதிப்பது, பாதை அமைப்பது, சொட்டுநீர் இணைப்பு, நடவுத் திட்டம். வலது பக்கம் அவர் பொறுப்பு: மண் அடிப்பது, எரு, கல், குழி வெட்ட ஆள். வலது பத்தியின் தொகையைக் கழித்து அடியில் எழுதிக் கொடுங்கள். மொத்தத் தொகை குறைகிறது, உங்கள் கூலியும் லாபமும் அப்படியே நிற்கின்றன. தன் கல்லில், தன் எருவில் உருவான தோட்டத்தை அவர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டுவார். ஒரே ஒரு எச்சரிக்கை: அவர் டிராக்டர் எந்தத் தேதிக்கு வரும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆட்கள் கைகட்டி நிற்கும் நாளுக்கும் நீங்களே கூலி கொடுக்க வேண்டிவரும்.

எரு விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், தொழிலையே கெடுத்துவிடக்கூடியது அது. மேய்ச்சல் நிலத்திலும் தீவனப் பயிரிலும் அடிக்கிற சில களைக்கொல்லிகள், அமினோபைரலிட், குளோபைரலிட் போன்றவை, மாட்டின் வயிற்றைத் தாண்டிச் சாணத்தில் வந்து, மக்கிய பிறகும் தங்கியிருக்கும். அந்த எருவைப் போட்டால் அவரை, தக்காளி போன்ற செடிகளின் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். பிரிட்டனில் வீட்டுத் தோட்டக்காரர்கள் இப்படிப் பாதிக்கப்பட்டு, 2008-இல் அமினோபைரலிட் விற்பனையே சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. எரு எங்கிருந்து வந்தாலும் ஒரு தொட்டியில் மண்ணோடு கலந்து நாலு அவரை விதை போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலை ஒழுங்காக வந்தால் பயன்படுத்தலாம். இதை வாடிக்கையாளரிடம் கொடுத்தே செய்யச் சொல்லுங்கள். உங்கள் திறமைக்கு இதைவிட மலிவான சான்று கிடையாது.

அதைவிடவும் மரியாதை தேடித்தருவது, எந்தச் செடியை நட மாட்டேன் என்று நீங்கள் சொல்வது. நகரத்தில் அழகுச்செடி என்பது அழகுச்செடி மட்டும்தான். வயலும் மாடும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அதற்கு வேறு முகம் உண்டு. அரளியின் எல்லாப் பாகமும் விஷம், காய்ந்த இலையும்தான். வெட்டிய கிளையை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினால் மாடு தின்று சாகலாம். உண்ணிச்செடி ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இன்று மேய்ச்சல் காடுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தின்கிற மாட்டின் ஈரலைக் கெடுக்கிறது. ஆகாயத்தாமரையும் குளத்து அழகுக்காகப் பரப்பப்பட்டதே. செம்பருத்தி மாவுப்பூச்சிக்குப் பிடித்த செடி. பருத்தி வயலை ஒட்டி வரிசையாக நட்டால் பக்கத்து வயல்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார். பார்பெரி என்கிற முட்புதர் கோதுமையின் தண்டுத் துரு நோய்க்கு இடம் கொடுக்கிறது என்பதால் அமெரிக்காவில் 1918-இல் தொடங்கி ஊர் ஊராக அதைப் பிடுங்கி அழித்தார்கள்.

உங்கள் பகுதியின் முக்கியப் பயிர் எதுவோ, அதன் பூச்சிக்கும் நோய்க்கும் இடம் கொடுக்கும் அழகுச்செடிகள் எவை என்று உங்கள் பக்கத்து வேளாண் அலுவலர் அல்லது வேளாண் கல்லூரியில் கேட்டு ஒரு பக்கப் பட்டியல் தயாரியுங்கள். “வயல் பக்கமும் மாட்டுக்கொட்டகை பக்கமும் நடக்கூடாத செடிகள்” என்று தலைப்புப் போட்டு, கீழே உங்கள் பெயரும் எண்ணும் சின்னதாக. உரக்கடையில், பால் கொள்முதல் நிலையத்தில், கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு ஒட்டுங்கள். லேண்ட்ஸ்கேப்பிங் நோட்டீஸைக் கிழித்துப் போடுகிறவர்கள் இதை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

எதிர்த்திசையிலும் கவனம் தேவை. 2,4-டி, டைகாம்பா போன்ற களைக்கொல்லிகளை வயலில் அடிக்கும்போது காற்றில் வருகிற துளியே அகன்ற இலைச் செடிகளைக் கெடுக்கப் போதும். நட்டுக்கொடுத்த செடி சுருண்டு போனால் பழி உங்கள் மேல். நடவுத் திட்டம் போடும் முன்பே பக்கத்து வயலில் என்ன அடிக்கிறார்கள், எந்தப் பக்கம் காற்று என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செடி பட்டுப்போனால் மாற்றித் தருகிறோம் என்று வாக்குக் கொடுப்பதானால், எந்தக் காரணத்துக்கு மாற்றுவீர்கள், எதற்கு மாற்றமாட்டீர்கள் என்பதும் தாளில் இருக்கட்டும்.

யார் வாடிக்கையாளர் என்ற கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. விவசாயப் பகுதி என்றால் எல்லோரும் விவசாயி இல்லை. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்; பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் வேண்டும், மாதம் ஒரு முறை போட்டோ அனுப்பினாலே அவர்களுக்கு நிம்மதி. ஓய்வு பெற்றுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆசை உண்டு, குனிய முடியாது. பள்ளி, மருத்துவமனை, மண்டபம், பெட்ரோல் பங்க், குளிர்பதனக் கிடங்கு, ஆலை என்று முகப்பைப் பராமரிக்க வேண்டிய இடங்கள் உண்டு. இங்கேதான் மாதாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் கிடைக்கும், சும்மா இருக்கும் மாதங்களில் ஆட்களுக்குக் கூலி கொடுக்க அதுதான் கைகொடுக்கும். விவசாயக் குடும்பங்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வருவார்கள். வந்தால் நிலைத்து நிற்பார்கள்.

இவர்களை எல்லாம் நேரடியாகத் தேடிப் போவதைவிட, இவர்கள் வீட்டுக்கு உங்களுக்கு முன்னாலேயே போகிறவர்களைப் பிடியுங்கள். கொத்தனார், போர்வெல் போடுகிறவர், பொக்லைன் வைத்திருப்பவர், பெயின்டர், நர்சரிக்காரர். புது வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வாரத்தில்தான் “வாசல் பக்கம் என்ன செய்யலாம்” என்ற பேச்சு வரும். அப்போது பெயின்டர் வாயில் உங்கள் பெயர் வரவேண்டும். அதற்குக் கமிஷன் கொடுப்பது ஒரு வழி. அவருக்கு நீங்கள் வேலை பிடித்துக் கொடுப்பது அதைவிட நீடிக்கும் வழி.

காலம் பார்த்துப் பேசுவது முக்கியம். நடவிலும் அறுவடையிலும் யாரும் உங்கள் போனை எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் எரிச்சலோடு எடுப்பார்கள். அறுவடை முடிந்து பணம் கைக்கு வந்த சில வாரங்கள்தான் முடிவெடுக்கும் நேரம். அதற்கு முன்பே போய் அளவெடுத்து, வரைந்து, எஸ்டிமேட் கொடுத்து வைத்திருங்கள். மண் வேலை, வடிகால், பாதை, கல் வேலையெல்லாம் தரை காய்ந்திருக்கும் காலத்தில்; நடவு மழை தொடங்கும்போது. ஆட்கள் விஷயத்திலும் ஜாக்கிரதை: அறுவடை நாளில் கூடுதல் கூலி கொடுத்து வயல் ஆட்களை நீங்கள் இழுத்துக்கொண்டால், அந்த வட்டாரத்தில் உங்களுக்கு எவ்வளவு விளம்பரம் செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் பகுதிகளில் வீடுகள் சிதறிக் கிடக்கும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் ஐந்து ஆள் குழுவில் தினம் பத்து மணி நேரக் கூலி ரோட்டிலேயே போய்விடும். எல்லாத் திசையிலும் நோட்டீஸ் போடாமல் ஒரே சாலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரு வீட்டை முதலில் நன்றாகச் செய்யுங்கள். இலவசமாகச் செய்யவேண்டாம், இலவசமாகச் செய்ததற்கு அடுத்தவர் விலை கேட்கும்போது என்ன சொல்வீர்கள்? லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒரு வருஷம் போர்டு வைக்க அனுமதி வாங்கிக்கொள்ளலாம். போர்டில் மூன்றே விஷயம்: பெயர், வேலை, எண். 30 மீட்டர் தூரத்தில் ஓடுகிற வண்டியிலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து சுமார் 25 செ.மீ. உயரம் வேண்டும். இலையும் பூவும் வரைந்து இடத்தை அடைக்காதீர்கள்.

இணையத்தில் முதலில் செய்யவேண்டியது கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுளில் தேடுபவருக்கு உங்கள் தொழிலின் விவரத்தைக் காட்டும் பக்கம், காசில்லாதது. கடை வைத்து வாடிக்கையாளர்களை அங்கே சந்திப்பதில்லை என்றால் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் பகுதிகளை மட்டும் கொடுக்கலாம். 20 பகுதிகள் வரை சேர்க்கலாம், மொத்த எல்லை சுமார் 2 மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது கூகுள். ஊர்ப் பெயர்களைத் தொழில் பெயரோடு ஒட்டிச் சேர்க்காதீர்கள். விதிமீறல், கணக்கே முடங்கலாம். வேலை முடிந்த அன்றே ரிவ்யூ கேளுங்கள், ஆனால் அதற்குத் தள்ளுபடியோ பரிசோ தராதீர்கள், அதுவும் தடைசெய்யப்பட்டது. “வாசலில் நின்ற தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்” என்று குறிப்பாகக் கேட்டால் “சூப்பர் சர்வீஸ்” என்ற வெற்று வரிக்குப் பதில் உருப்படியான வாசகம் கிடைக்கும்.

போட்டோவில் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பூத்துக் குலுங்கும் செடியைக் கிட்டே போய் எடுப்பதில் பயனில்லை. வேலைக்கு முன்பு ஒரு இடத்தில் கல்லை நட்டு அங்கே நின்று எடுங்கள். முடிந்த பிறகு அதே கல், அதே நேரம், அதே கோணம். அதோடு முதல் மழைக்குப் பிறகு ஒன்று. அந்த மூன்றாவது போட்டோதான் வேலை பிடித்துத் தரும்.

வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக், தானியங்கிப் பதில் எல்லாம் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் எஸ்டிமேட் கொடுக்கும்போதே “நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க” என்று சொல்லிவிடுங்கள். அனுப்புவது மாதம் ஒன்றிரண்டு போதும், அதுவும் உபயோகமானதாக: “மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் போடுங்க, மரத்தின் அடித்தண்டைத் தொடாம விடுங்க, அழுகிடும்.” விவசாயக் குழுக்களில் புகுந்து விளம்பரம் போடுவது வேண்டாம். யாராவது செடியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லுங்கள், அது போதும்.

ஃபேஸ்புக் விளம்பரம் ஏன் பலிக்கவில்லை என்றால், மக்கள் அடர்த்தி குறைந்த இடத்தில் சின்ன வட்டம் போட்டால் திரும்பத் திரும்ப அதே ஆட்களுக்குத்தான் காட்டும். பத்தாவது முறை பார்க்கிறவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்: அவர்கள் வசிக்கும் நகரங்களைக் குறிவைத்து, “உங்கள் வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மாதம் ஒரு முறை போட்டோ வரும்” என்று ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாகக் காசு வாங்கும் விஷயம். “அறுவடை முடிஞ்சதும் தர்றேன்” என்பார்கள், பெரும்பாலும் மனசாரத்தான் சொல்வார்கள். ஆனால் விலை சரிந்தால், மழை கெடுத்தால், வாக்கும் சேர்ந்து சரியும். பிறகு கேட்கப் போனால் உறவும் கெடும், அந்தச் சாலையில் உங்கள் பெயரும் கெடும். வேலையை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: மண்ணும் வடிகாலும், பாதையும் கல்லும், நடவு. ஒவ்வொரு கட்டமும் தனியாகவே பயன்படுகிற மாதிரி திட்டமிடுங்கள். அந்தந்தக் கட்டத்துக்குப் பொருள் வாங்கும் தொகை முன்பணம், மீதி அந்தக் கட்டம் முடிந்ததும். இந்த வருஷம் வடிகால் மட்டும், அடுத்த வருஷம் மற்றது என்று அவர் சொன்னால் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு மழைக்காலம் வரும், வாசல் காய்ந்திருப்பதை அவர் பார்ப்பார்.